ஈரலுக்கு ஒரு விலாசம்

எங்கள் டாக்டரம்மாவை விருந்துக்குக் கூப்பிட எல்லோரும் யோசிப்பார்கள். இலையில் கறி விழுந்ததும் மற்றவர்கள் வெந்திருக்கிறதா, காரம் சரியா என்று பார்ப்பார்கள். அவர் பரிமாறுகிறவரை நிறுத்தி வைத்து, "ஏனுங்க, இது யாரு வீட்டு ஆடுங்க?" என்று கேட்பார். கடையில் வாங்கியது என்றால் எந்தக் கடை, கடைக்காரர் எந்தச் சந்தையில் பிடித்தார் என்று நூல் பிடித்துக்கொண்டே போவார். பக்கத்து இலைக்காரர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். பதில் கிடைத்த பிறகு இவர் மட்டும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

அவர் கால்நடை மருத்துவர். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே பிறந்தவர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். திண்டுக்கல்லுக்கு வெளியே, நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தனியார் பன்றி அறுப்புக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்தார். அறுபட்ட பன்றியின் ஈரல், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நல்லது என்றால் முத்திரை குத்த வேண்டும், கெட்டது என்றால் குழியில் போடச் சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தது இவ்வளவுக்குத்தான். இதற்கு மேல் அவர் செய்தது எல்லாம் யாரும் கேட்காமல் செய்தது. கேட்காமல் செய்ததுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

ஈரலுக்கெல்லாம் விலாசம் கேட்ட அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. வேறு ஊரில், வேறோர் அறுப்புக்கூடத்தில் இன்றைக்கும் அவர் வேலையில் இருக்கிறார். நான் பெயரை எழுதி, அங்கே இருக்கிற மேனேஜர் முன்கூட்டியே உஷாராகிவிட வேண்டாம்.

நான் பன்றி வளர்க்கிறவள். இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்து மூக்கைச் சுளிக்கப் போகிறவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம். சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் தென்னை, அதன் ஓரத்தில் வெள்ளைப் பன்றிக் கொட்டகை. திண்டுக்கல் ஓட்டல்களில் மிச்சமாகிற சோற்றை என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் நீல டிரம்களில் கொண்டுவருவார். நான் அதைக் கொதிக்க வைத்துப் போடுவேன். ஊரே வரிசையில் நின்று சாப்பிடுகிற பிரியாணிக்குக் கடைசிப் பந்தி என் கொட்டகையில்தான். என் நாத்தனார் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அவள் மகள் காலேஜ் சேரும்போது மட்டும் பன்றி விற்ற காசில் நாற்றம் எதுவும் தெரியவில்லை.

டாக்டரம்மா என் வீட்டுக்கு முதன்முதலாக வந்த வருஷம் எனக்குப் போதாத காலம். குட்டிகள் தின்றன, உடம்பு வைக்கவில்லை. காலையில் கொட்டகைக்குள் போனால் பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரே இருமல். "மதினி, பேசாம மூடிட்டு மில்லு வேலைக்குப் போங்க. கௌரவமாவும் இருக்கும்" என்று என் கொழுந்தன் வந்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு ஈத்துக் குட்டிகள் இப்படியே போனால் மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவனிடம் அதைச் சொல்லிவிடுவேனா என்ன. "உம் மில்லுல பஞ்சு இருமல் வராதாக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு காலை வேளையில் ஸ்கூட்டர் வந்து நின்றது. குட்டையான, தடித்த பெண்மணி. என் வயதுதான் இருக்கும். சேலையைத் தூக்கிச் சொருகி, காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஸ்கூட்டரின் முன்னால் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி தொங்கியது. யாரோ சாப்பாட்டு நேரத்துக்கு வழி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் நேராக வந்து, நான் சோறு கொதிக்க வைத்திருந்த அடுப்பின் பக்கத்தில் தூக்குச்சட்டியை வைத்தார். கீழ் அடுக்கு இரண்டிலும் ஐஸ். மேல் அடுக்கைத் திறந்தார். உள்ளே ஓர் ஈரல்.

"ஏனுங்க அம்மிணி, இது உங்க வீட்டுதுங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னதும்மா இது?"

"பன்னி ஈரலுங்க. நேத்து அறுத்தது. நானு அங்க டாக்டருங்க. இதப் பாருங்க, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா."

பார்த்தேன். கருஞ்சிவப்பு ஈரலில் கோலமாவு சிந்திய மாதிரி வெள்ளைத் திட்டுகள்.

"வகுத்துல புழு இருக்குதுங்க. முட்டையாப் போயி, புழுவாப் பொரிச்சு, ஈரலைத் தொளைச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போகும். போன தடத்துலதான் இந்த வெள்ளை. குட்டிக இருமுதுங்களா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததால்தான் கோபம் வந்தது. வீடு தேடி வந்து அடுப்படியில் அழுகல் ஈரலைத் திறந்து வைத்து உன் வீட்டுதா என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

"இது எம் வீட்டுது இல்ல" என்றேன்.

"லாரிக்காரரு கடைசியா உங்க வீட்டுலதான் ஏத்துனேன்னு சொன்னாருங்க."

"லாரியில அம்புட்டுப் பேரு பன்னியும் கலந்து கெடக்கு. ரெட்டியார்சத்திரத்துப் பன்னி, நத்தத்துப் பன்னி, எம் பன்னி, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. இது எம் பன்னியோட ஈரல்தான்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க? பேரு எழுதியா இருக்கு?"

டாக்டரம்மா தவிட்டு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தவர், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"நாயந்தானுங்க. எனக்கே தெரியலைங்க. காலையில இருந்து மூணு வீட்டுல கேட்டுப்போட்டேன். அம்புட்டுப் பேரும் இல்லைன்னுதான் சொன்னாங்க. ஊருல இருக்குற பன்னிக்கெல்லாம் வீடு இருக்குது, கெட்டுப்போன ஈரலுக்கு மட்டும் வீடே இல்லீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் போய்விட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். என் நாத்தனார் தண்ணீர் குடிக்காத வீட்டில், ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்து இரண்டு தம்ளர் குடித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே நினைப்புத்தான். எந்தப் பன்றி எந்த வீட்டுது என்று அறுப்புக்கூடம் வரைக்கும் தெரிய வேண்டும். "விலாசம் இல்லாத ஈரலை வச்சுக்கிட்டு நானு என்னத்தைங்க பண்ணட்டும்? குழியிலதான் போடோணும். குழியில போட்டா அடுத்த லாரியிலயும் அதே ஈரல்தானுங்க வரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

முதலில் சாயம். ஆட்டுக்குப் பூசுகிற சாயப் பொடியைத் தம் கைக்காசில் வாங்கி வந்து வீட்டுக்கு ஒரு நிறம் கொடுத்தார். எனக்குச் சிவப்பு. ரெட்டியார்சத்திரத்து அக்கா ஒருத்திக்கு நீலம். இன்னொருவருக்குப் பச்சை. முதுகில் பட்டையாகப் பூசி, பெருமையாக லாரியில் ஏற்றினோம். அது சித்திரை வெயில். பன்றிக்கு வேர்க்காது, சூடு தாங்காது என்று லாரிக்காரர்கள் வழியில் நிறுத்திக் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். அதுகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தன. அறுப்புக்கூடத்தில் இறங்கியபோது எல்லாப் பன்றியும் ஒரே ஊதா. மிச்சம் மீதி ஒட்டியிருந்த சாயமும், மயிர் கழிக்க முக்கி எடுக்கிற வெந்நீர்த் தொட்டியில் கரைந்துவிட்டது. அறுப்புக்காரர்கள் இருவருக்கும் முழங்கை வரைக்கும் ஊதா. அதில் ஒருவர் மறுநாள் துக்க வீட்டுக்கு அந்தக் கையோடு போய், சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

காது வெட்டலாம் என்று சொன்னது நான்தான். என் பிறந்த வீட்டில் செம்மறி உண்டு. ஊர் ஆடெல்லாம் ஒரே மந்தையாக மேயப் போகும். சாயங்காலம் பிரிக்கும்போது சண்டை வரக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு காது வெட்டு வைத்திருப்பார்கள். எங்களுக்கு நுனியில் ஒரு வெட்டு, சித்தப்பா வீட்டுக்கு ஓரத்தில் ஒன்று. அதைச் சொன்னதும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்மிணி, வெந்நீருல காது கரையாதுங்களே!" குட்டி பிறந்த கொஞ்ச நாளிலேயே காதில் சின்னச் சின்னதாக வெட்டிவிட வேண்டும், மருந்து வைத்தால் ஆறிவிடும். என் வீட்டு அடையாளம் இடது காதில் கீழே இரண்டு வெட்டு, மேலே ஒன்று.

அந்தக் குட்டிகள் வளர்ந்து லாரி ஏறியபோது டாக்டரம்மா அறுப்புக்கூடத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் தலையும் ஈரலும் நுரையீரலும் ஒரே கொக்கியில் தொங்க வேண்டும். பார்த்ததை அவர் எங்கே எழுதினார் தெரியுமா? எடைமேடைக்கு எதிரே இருந்த வெள்ளை டைல்ஸ் சுவரில். டயர் கடையில் குறி போடுகிற மஞ்சள் மெழுகுக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு காது வரைந்தார். வெட்டு எங்கெங்கே இருக்கிறதோ அப்படியே. திட்டு விழுந்த ஈரலுக்குக் காதின் கீழே ஒரு புள்ளி. கெட்ட நுரையீரலுக்கு ஒரு கோடு. எழுத்துத் தெரியாதவர்களும் படிக்கலாம். எடை பார்க்க வருகிற எல்லோரும் படித்தார்கள்.

என் காதின் கீழே புள்ளியாக நிறைந்தது.

"என்னக்கா, உங்க காதுக்குத் தோடு, ஜிமிக்கி எல்லாம் போட்டு விட்டுருக்காங்க போல" என்று ஒருத்தன் கேட்டான். நான் அவனை விட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"எம் மானத்தைச் சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?"

அவர் கையுறையைக் கழற்றக்கூட இல்லை. "மானம் இல்லீங்க அம்மிணி. ஈரலுங்க அது" என்றார். அப்புறம், ஒன்றுமே நடக்காத மாதிரி, "ஆனா ஒரு சந்தேகமுங்க. உங்க காது போட்டதுல பாதி ஈரல் கண்ணாடியாட்டம் சுத்தமா இருக்குது. பாதி மட்டும்தான் இப்புடி. நீங்க ரெண்டு எடத்துல வளர்க்குறீங்களா?" என்றார்.

"இல்ல. ஒரே கொட்டகைதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு வேறு. அன்று சாயங்காலம் வழக்கம்போல நோஞ்சான் குட்டிகளைத் தென்னந்தோப்பில் திறந்து விட்டேன். தாயிடம் பால் கிடைக்காத குட்டிகளை நான் அப்படித்தான் தேற்றுவேன். கொஞ்சம் காலாற ஓடட்டும், மண்ணைக் கிளறட்டும் என்று. அதுகள் தென்னம்பாத்தியில் மூக்கைப் புதைத்துக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாத்தியில் கொட்டியிருப்பது கொட்டகையில் அள்ளிய பன்றிச் சாணம். வருஷக் கணக்காக அங்கேதான் கொட்டுகிறேன். தென்னைக்கு நல்ல உரம். புழுவின் முட்டையெல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. கொட்டகைக்குள் இருக்கிறதுக்கு மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றி, அதைக் கொண்டுபோய்த் தோப்பில் கொட்டி, பலம் இல்லாத குட்டிகளைப் பார்த்துப் பார்த்து அதற்குள் இறக்கிவிட்டிருக்கிறேன். அத்தனை பாசம்!

மறுநாள் நானே போனேன். சொன்னதும் டாக்டரம்மா குதிக்காத குறை. தோப்புக்குள் குட்டிகளை விடுவது நின்றது. சாணத்தை எட்டத்தில் குவித்து மக்க வைத்தோம். குடற்புழு மருந்தை விற்கப் போகிற பன்றிக்குக் கொடுப்பதை விட்டு, குட்டி போடப் போகிற தாய்க்குக் கொடுத்து, குளிப்பாட்டி, கழுவின அறையில் விட்டோம். அடுத்த ஈத்தில் இருமல் குறைந்தது. அதற்கடுத்த ஈத்தில் குட்டிகள் உருண்டன. கொழுந்தன் மில்லைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, பன்றி என்ன விலை போகிறது என்று கேட்க ஆரம்பித்தான்.

நுரையீரல் கோடுகளும் அப்படித்தான் குறைந்தன. மார்கழியில் எல்லோருடைய காதின் கீழும் கோடு கோடாக விழுந்ததைப் பார்த்து அவர் கொட்டகை கொட்டகையாகப் போனார். குளிருக்கு நாங்கள் தேர்தலில் மிஞ்சிய பிளக்ஸ் பேனர்களைச் சுற்றிலும் தரைவரை இறுக்கிக் கட்டியிருந்தோம். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. "தலைவருகளையெல்லாம் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க. கும்பிட்டது போதும், காத்து வரோணும்" என்றார். எங்கள் கொட்டகைகளில் அதன் பிறகு தலைவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் கிடையாது.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ரெட்டியார்சத்திரத்து அக்காவுக்கு ஒருமுறை ஒரே வாரத்தில் பன்றிகள் வரிசையாகச் செத்தன. அந்த அக்கா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டரம்மா பக்கத்தில் குந்தி, "அழுதுக்கோங்க அம்மிணி. ஆனா குழி மூடறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, நானு வகுத்தைத் தொறந்து பாக்கோணும்" என்றார். நான் அவரை முறைத்தேன். அவர் என்னைத் திருப்பிப் பார்த்த பார்வையில், என் ஈரல் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. அவர் திறந்து பார்த்ததால்தான் மற்ற வீடுகளில் சாவு பரவாமல் நின்றது என்பது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

சண்டை ஏவாரியிடமிருந்து வந்தது. எங்கள் பக்கத்துப் பன்றிகளை மொத்தமாகப் பிடித்து அறுப்புக்கூடத்துக்கு ஏற்றுகிறவர் அவர். வெளியூரில் சீக்கு விழுந்த பட்டிகளில் அடிமாட்டு விலைக்குப் பன்றி வாங்கி, எங்கள் லாரிக்கு நடுவே சொருகி விடுவது அவர் வழக்கம். கெட்டது வெளிப்பட்டால், "திண்டுக்கல் பக்கத்துப் பன்னியே சீக்குப் பன்னிதான்" என்று பழி எங்கள் தலையில் விழும். விலையையும் எங்களுக்குத்தான் குறைப்பார். காது வெட்டு வந்ததும் காது வெட்டாத பன்றி தனியாகத் தெரிந்தது. புள்ளியும் கோடும் அதற்குத்தான் அதிகம் என்பதும் சுவரில் வெட்டில்லாமல் வரைந்த காதின் கீழே தெரிந்தது. ஏவாரி மேனேஜரிடம் போனார். காது வெட்டின பன்றியை இனிமேல் ஏற்ற மாட்டேன், இந்தம்மா இப்படியே செய்தால் வேறு கூடத்துக்குப் போய்விடுவேன் என்றார்.

மேனேஜர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். நான் எடைமேடையில் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"மேடம், உங்க வேலை நல்லதா கெட்டதான்னு பாக்குறது. எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க. அதுனாலதானுங்க நானு கேக்குறேன்."

"இன்னியிலேருந்து காது வெட்டுறதும் கிடையாது, வெட்டின காதைப் பாக்குறதும் கிடையாது. சட்டப்படி என்ன உண்டோ அதை மட்டும் பாருங்க."

"சரிங்க. சட்டப்படியே பாத்துப்போடறேன்" என்றார், அவ்வளவு மரியாதையாக.

மறுநாள் பார்த்தார் பாருங்கள்! லாரியிலிருந்து பன்றிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். நடக்க விட்டுப் பார்த்தார். சூடு பார்த்தார். நிழலில் இளைப்பாறட்டும் என்று காத்திருந்தார். அறுத்த பிறகு ஒவ்வொரு சுரப்பியையும் கீறிப் பார்த்தார். அவசரமே இல்லை. கேரளா போக வேண்டிய ஐஸ் லாரி வாசலில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன மேடம் இது? முன்னெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிப்பீங்களே!"

"காதைப் பாத்தா எந்தப் பட்டியில என்ன தொந்தரவுன்னு எனக்குத் தெரியுமுங்க. அதை மட்டும் கூடக் கொஞ்சம் பாத்தாப் போதும். காதைப் பாக்க வேண்டாமுன்னு சொல்லிப்போட்டீங்க, இப்ப எல்லாமே ஊரு பேரு தெரியாத பன்னி. தெரியாததை நெதானமாத்தானுங்க பாக்கோணும். சட்டத்துல அப்புடித்தான் இருக்குது."

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. கடைசியில் மேனேஜர்தான் ஏவாரியிடம் போய், காதை வெட்டித் தொலையட்டும் என்று சொன்னார். அன்று டாக்டரம்மா எனக்கும் ரெட்டியார்சத்திரத்து அக்காவுக்கும் பேருந்து நிலையத்துக்கு எதிரே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடம் பருத்திக்கொட்டை எந்த ஊர் என்று கேட்டார்.

மேனேஜரும் ஏவாரியும் அதை மறக்கவில்லை. டாக்டரம்மாவின் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. டாக்டரம்மா என் கொட்டகைக்கு வந்து வழக்கம்போல டீ குடித்தார். "இப்படி விட்டுட்டுப் போறீங்களே" என்றேன்.

"நானு போனா என்னங்க, பன்னிக்குக் காது இருக்குதுல்ல" என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டுகிற ஆள் இல்லை அவர்.

அடுத்த முறை எடைக்குப் போனபோது சுவர் பளிச்சென்று இருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அத்தனை காதும் போய்விட்டது. புது டாக்டர் சின்ன வயசுப் பையன். நல்ல முகம், பயந்த முகம். ஈரல்கள் பழையபடி ஒரே தொட்டியில் குவிந்து கிடந்தன. அவர் பார்த்தார், முத்திரை குத்தினார், குழிக்கு அனுப்பினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. காது வெட்டாத பன்றிகள் லாரிக்கு நடுவே மறுபடியும் வந்துவிட்டன. ஏவாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்படியே போனால் என் கொட்டகைக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். மறுபடியும் இருமல் கேட்கும். அது ஏன் என்று சொல்ல ஆள் இருக்காது.

நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு வீடாகப் போனேன். அடுத்த லாரி நாளன்று நாங்கள் எல்லோரும் அறுப்புக்கூடத்துக்கு வந்து நின்றோம். முக்கால்வாசிப் பேர் பெண்கள். எங்கள் பன்றியின் ஈரலை எங்களுக்குக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போகிறோம் என்றோம்.

மேனேஜர் வெளியே வந்தார். "இதென்ன பொருட்காட்சியா? போங்க, போங்க."

"எங்க பன்னி, நாங்க பாக்குறோம். கொக்கியில தலையோட சேர்த்துத் தொங்க விடச் சொல்லுங்க, போதும்" என்றேன்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். அறுப்புக்காரர் ஒரு கொக்கியை அப்படியே தூக்கி வந்தார். தலை, நுரையீரல், ஈரல். ஈரல் முழுக்க வெள்ளைத் திட்டு. மேனேஜர் அதை எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுவே பிடிக்கச் சொன்னார். ஏவாரியும் லாரிக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

"இந்தாங்க, பாருங்க. நாறிப் போன ஈரல். இது யாரு வீட்டுதுன்னு சொல்லுங்க பாப்போம்? ஒருத்தராச்சும் கையத் தூக்குவீங்களா?"

ஒரு கையும் எழவில்லை. அவர் எதிர்பார்த்ததும் அதுதான். நான் காதைப் பார்த்தேன். இடது காது. கீழே இரண்டு வெட்டு, மேலே ஒன்று.

ஏவாரிக்கும் அந்தக் காது தெரியும். அவர் சிரிப்பு அகலமாகிக்கொண்டிருந்தது. தூக்குச்சட்டி ஞாபகம் வந்தது. அன்றைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்த நியாயத்தை நானே காதில் வெட்டி மூடியிருந்தேன்.

"எம் வீட்டுது" என்றேன். "எம் வீட்டுதுதான். கொடுங்க இப்படி."

கொக்கியை அறுப்புக்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வருகிற வழியில் டயர் கடையில் மஞ்சள் மெழுகுக் குச்சி வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். பளபளவென்று இருந்த சுவரில் என் காதை வரைந்தேன். கோணலாகத்தான் வந்தது. கீழே ஒரு புள்ளி வைத்தேன். ரெட்டியார்சத்திரத்து அக்கா என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி, பக்கத்தில் தன் காதை வரைந்தாள். அதற்கப்புறம் குச்சி என் கைக்கு வரவே இல்லை.

புது டாக்டர் கொக்கியின் பக்கத்தில் வந்து நின்றார். மேனேஜரை ஒருமுறை பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து ஈரலைக் கீறி, உற்றுப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "புதுசா வெளியில இருந்து எதும் வாங்கிட்டு வந்தீங்களாக்கா?"

"ஆமா தம்பி. நத்தத்துல இருந்து ஒரு தாய்ப்பன்னி. இது அதோட ஈத்துதான்."

"அந்த அறையை மட்டும் தனியாக் கழுவணும். நான் நாளைக்கு வாரேன்."

"சுவத்தை நாளைக்கே ஆசிட் ஊத்திக் கழுவிருவேன், தெரியுமில்ல?" என்று மேனேஜர் கத்தினார்.

"கழுவுங்க" என்றேன். "டயர் கடையில குச்சி நெறையக் கெடக்கு."